ஈதர்நெட்டும் எழுத்துப்பிழையும்

ஏட்டைப் பார்த்து ஏடு எழுதிய காலத்தில் பிழை புகாத படி என்று ஒன்று அரிதாகவே இருந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். இந்நிலையில் பதிப்பாசிரியர்களுக்குத் துணையாக நின்றவற்றுள் யாப்பும் தொடையும் முதன்மையானவை. வெண்பாவில் தளை தட்டினால் அவ்விடத்தில் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று ஐயுறலாம். எதுகை பொருந்தாவிடின் அடியைத் திரும்பப் பார்க்கலாம். அந்தாதியில் ஒரு பாடல் விடுபட்டால் முன்னதன் ஈறும் பின்னதன் முதலும் பொருந்தாமல் நின்று காட்டிக்கொடுத்துவிடும். இவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. பொருள் இன்னதென்று அறியாதவர்கூட வடிவத்தைக் கொண்டே பிழை இருப்பதை உணர இவை இடந்தருகின்றன.

இன்று ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொரு கணிப்பொறிக்குச் செய்தி செல்வதும் ஒருவகையில் பெயர்த்தெழுதுதலே. அனுப்பும் பொறியிலுள்ள எண்களின் வரிசை கம்பியின்மீது மின்துடிப்புகளாகி, பெறும் பொறியில் மீண்டும் எண்களின் வரிசையாக எழுதப்படுகிறது. வழியில் ஒரு மின்விளக்கின் தொடக்கியோ, தளர்ந்த இணைப்போ, வளைந்து நசுங்கிய கம்பியோ ஒரு துடிப்பை மாற்றிவிடக்கூடும். பெறும் பொறிக்குத் தமிழும் தெரியாது. மதிப்பெண் பட்டியலும் தெரியாது. வந்தது சரியா, பிழையா என்று அது எவ்வாறு அறிகிறது? பிழை எனத் தெரிந்தால் என்ன செய்கிறது? ஏறத்தாழ எல்லா அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பயன்படும் ஈதர்நெட் என்னும் முறையை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

ஈதர்நெட் பிறந்த இடம் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையம். ராபர்ட் மெட்காஃப் 1973 மே மாதம் எழுதிய ஒரு குறிப்பில் இதன் கருத்து தோன்றியது. அவரும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய முதல் அமைப்பு நொடிக்கு 29 இலட்சத்து 40 ஆயிரம் பிட் வேகத்தில் இயங்கியது. பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஒற்றை இலக்கம். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். 1976இல் இருவரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை உலகறிந்தது. 1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து நொடிக்கு ஒரு கோடிப் பிட் வேகத்துக்கான விதிகளை வெளியிட்டன. 1983இல் அது சிற்சில மாற்றங்களுடன் 802.3 என்னும் எண்ணுள்ள பன்னாட்டுப் பொறியாளர் தரமாயிற்று. வேகம் பன்மடங்கு பெருகிவிட்ட இந்நாளிலும் செய்தியைக் கட்டும் முறை பெரும்பாலும் அதுவே.

அக்கட்டுக்குச் சட்டகம் என்று பெயரிட்டுக் கொள்வோம். ஒரு சட்டகத்தின் முன்னே எட்டுப் பைட் நீளத்துக்கு 1, 0, 1, 0 என மாறி மாறி வரும் துடிப்புகள் செல்லும். பெறும் பொறி தாளத்தைப் பிடித்துக்கொள்வதற்கான முன்னோசை இது. அதன் கடைசி இரு பிட்டுகள் மட்டும் 1, 1 என அமைந்து ‘இனித் தொடங்குகிறது’ என அறிவிக்கும். பின்னர்ப் பெறுபவர் முகவரி 6 பைட், அனுப்புபவர் முகவரி 6 பைட், செய்தியின் வகையைச் சொல்லும் 2 பைட், அதன்பின் செய்தி. இறுதியில் 4 பைட் நீளமுள்ள ஒரு சரிபார்ப்பெண். நம் கட்டுரையின் கருப்பொருள் இந்த நான்கு பைட்டே.

மீதியைக் கொண்டு சோதித்தல்

பழைய பள்ளிக் கணக்குகளில் ஒன்பதால் வகுத்த மீதியைக் கொண்டு விடையைச் சரிபார்க்கும் முறை உண்டு. 5273 என்னும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 17. அவற்றையும் கூட்டினால் 8. எண்ணுடன் இந்த 8ஐயும் சேர்த்து அனுப்பினோம் என்று கொள்வோம். வழியில் அது 5283 என மாறினால் பெறுபவர் கூட்டிப் பார்க்கும்போது 18, அதாவது ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்றுமில்லை, பிழை பிடிபடும். ஆனால் 5723 என இடம் மாறி வந்தால்? கூட்டுத்தொகை மீண்டும் 17, மீதி 8. பிழை தப்பிவிடும். எண்களைப் பார்த்தெழுதுவோர் அடிக்கடி செய்யும் பிழையே இம்முறையின் கண்ணுக்குப் படுவதில்லை என்பது வேடிக்கைதான்.

ஈதர்நெட்டின் சரிபார்ப்பெண்ணும் ஒரு மீதியே. ஆனால் வகுக்கும் எண்ணும் வகுக்கும் முறையும் வேறு. சட்டகத்திலுள்ள பிட்டுகளை ஒரு பல்லுறுப்புக்கோவையின் கெழுக்களாகக் கொண்டு, 32ஆம் படியுள்ள ஒரு நிலையான கோவையால் வகுக்கிறார்கள். இங்குக் கடன் வாங்குதலும் இல்லை. மிச்சம் ஏற்றுதலும் இல்லை. இரு பிட்டுகள் ஒத்திருந்தால் 0, மாறுபட்டால் 1 என்பதே கூட்டலும் கழித்தலும். இத்தகைய சுழற்சிக் குறிகளின் திறத்தை வெஸ்லி பீட்டர்சன், பிரவுன் என்னும் இருவர் 1961இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். சி.ஆர்.சி. என்று சுருக்கமாக வழங்குவது இதுவே. ஜெராக்ஸின் முதல் அமைப்பில் 16 பிட்டாக இருந்த இது, 1980இன் விதிகளில் 32 பிட்டாக உயர்ந்தது.

கணிதம் கடினமாகத் தோன்றினாலும் அதைச் செய்யும் மின்சுற்று மிக எளியது என்பதே இம்முறையின் அழகு. ஒவ்வொன்றும் ஒரு பிட்டை வைத்திருக்கும் 32 அறைகளை வரிசையாக அமைத்து, சில இடங்களில் மட்டும் மேற்கூறிய ‘ஒத்ததா, மாறியதா’ வாயில்களைப் பொருத்தினால் போதும். பிட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைய, அறைகளில் உள்ளவை ஓரிடம் நகரும். கடைசிப் பிட் நுழைந்ததும் அறைகளில் நிற்பதே மீதி. இன்றைய வேகத்தில் ஒவ்வொரு பிட்டாகச் செய்ய நேரமில்லை. பல பிட்டுகளை ஒருசேரச் செய்கிறார்கள். அடிப்படை அதுவே.

பெறும் பொறி சரிபார்ப்பெண்ணையும் சேர்த்தே இச்சுற்றினுள் செலுத்துகிறது. எல்லாம் பழுதின்றி வந்திருந்தால் அறைகளில் எப்போதும் ஒரே ஒரு குறிப்பிட்ட எண்ணே நிற்கும். செய்தி எதுவாயினும் அந்த எண் மாறாது. ஆகவே பொறி செய்ய வேண்டியது ஓர் ஒப்பீடு மட்டுமே.

இதன் திறம் எவ்வளவு? முழு நீளச் சட்டகம் ஒன்றில் ஒன்று, இரண்டு, மூன்று பிட்டுகள் எங்கு மாறினாலும் உறுதியாகப் பிடிபடும். 32 பிட் நீளத்துக்குள் அடங்கிய தொடர்பிழை எதுவாயினும் பிடிபடும். இடிமின்னல் போன்றவற்றால் பிழைகள் திரளாக வருவதே இயல்பாதலின் இது பெரும் பயனுடையது. அதற்கும் மேற்பட்ட குழப்பம் நேர்ந்தால், தப்பிச் செல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று.

வேறு சில பிழைகள்

மீதி மட்டுமே சோதனையன்று. நீளமும் சோதிக்கப்படுகிறது. முகவரி தொடங்கிச் சரிபார்ப்பெண் ஈறாகச் சட்டகம் 64 பைட்டுக்குக் குறையலாகாது. செய்தி சிறிதாயின் வெற்றுப் பைட்டுகளை இட்டு நிரப்ப வேண்டும். காரணம் யாதெனில், பழைய ஈதர்நெட்டில் எல்லாப் பொறிகளும் ஒரே வடத்தில் இணைந்திருந்தன. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் துடிப்புகள் மோதும். மோதலை அறிந்ததும் இருவரும் நிறுத்திவிட்டு, சிறிது பொறுத்து மீண்டும் முயல வேண்டும். வடத்தின் மறுமுனையில் நிகழ்ந்த மோதல் திரும்பி வந்து சேரும்வரை அனுப்புபவர் பேசிக்கொண்டே இருந்தாலன்றி அதை அறிய இயலாது. ஒரு கோடிப் பிட் வேகத்தில் அதற்கு ஒதுக்கிய நேரம் 51.2 மைக்ரோநொடி, அதாவது 512 பிட், அதாவது 64 பைட். எனவே அதற்கும் குறைந்து வருவது பெரும்பாலும் மோதலில் அறுந்த துண்டு என்றே கொண்டு பெறும் பொறி அதைத் தள்ளிவிடும். மேல் எல்லை 1518 பைட். வலையமைப்புகளைப் பகுத்துக் காட்டும் அடையாளம் சேர்ந்தால் 1522. எல்லையின்றி உளறிக்கொண்டே போகும் பழுதான அட்டையை இதனால் இனங்காணலாம்.

சட்டகம் முழுப் பைட்டில் முடியாமல் இடையில் சில பிட்டுகள் தொங்கி நிற்பதும் உண்டு. இங்கு விதி சற்று இரக்கமுடையது. தொங்கும் பிட்டுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் மீதி சரியாக இருக்குமாயின் சட்டகம் ஏற்கப்படும். இல்லையேல் ‘ஒழுங்கு தவறியது’ என்னும் தனிக் கணக்கில் எழுதப்படும். 1995இல் வந்த நொடிக்குப் பத்துக் கோடிப் பிட் ஈதர்நெட்டில் இன்னொரு காவலும் சேர்ந்தது. நான்கு பிட்டுகளை ஐந்து பிட்டுக் குறியாக மாற்றி அனுப்புவது அதன் வழக்கம். ஐந்து பிட்டால் 32 குறிகள் ஆக்கலாம், செய்திக்குரியவை 16, கட்டுப்பாட்டுக்குச் சில, எஞ்சியவை எவருக்கும் உரியவல்ல. அத்தகைய குறி வந்தால் மொழியில் இல்லாத சொல் வந்ததுபோல, மீதியைக் கணக்கிடும் முன்பே பிழை தெரிந்துவிடும்.

கண்டபின் செய்வது

சரிபார்ப்பெண் சட்டகத்தின் கடைசியில் இருப்பதால் ஒரு சிக்கல் எழுகிறது. பிழை எனத் தெரியும்போது சட்டகம் முழுவதும் உள்ளே வந்துவிட்டிருக்கும். அதை எங்கே வைப்பது, எவ்வாறு நீக்குவது?

1990களில் எங்கும் பரவியிருந்த என்.இ. 2000 வகை அட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் மூளை நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் 8390 என்னும் சில்லு. அட்டையில் 16 கிலோபைட் நினைவகம் உண்டு. அதில் பெறுவதற்கான பகுதி 256 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டு, கடைசிப் பக்கத்துக்குப் பின் முதற்பக்கம் வருமாறு வளையமாக இயங்கும். சட்டகம் வர வர, சில்லு பக்கம் பக்கமாக எழுதிச் செல்லும். ஆனால் எழுதத் தொடங்கிய பக்கத்தின் எண்ணை ஒரு பதிவகத்தில் நினைவிற் கொண்டிருக்கும். மீதி சரியாயின் அப்பதிவகம் முன்னேறும். கணிப்பொறிக்கு ‘செய்தி வந்தது’ எனத் தெரிவிக்கப்படும். மீதி தவறாயின் சில்லு அழிப்பதுகூட இல்லை. எழுதுகோலைத் தொடங்கிய பக்கத்துக்கே கொண்டுபோய் வைத்துவிடும். அடுத்த சட்டகம் அதன்மேலேயே எழுதப்படும். கணிப்பொறியின் மையச் செயலகத்துக்கு இப்படியொன்று வந்துபோனதே தெரியாது.

எஞ்சுவது ஓர் எண்ணிக்கை மட்டுமே. அச்சில்லில் மூன்று சிறு எண்ணிகள் உண்டு: ஒழுங்கு தவறியவை ஒன்றில், மீதி தவறியவை ஒன்றில், இடமின்மையால் இழந்தவை ஒன்றில். மூன்றாவது கருதத்தக்கது. அதில் சேர்பவை பழுதற்ற சட்டகங்கள். வைக்க இடமின்றிக் கைவிடப்பட்டவை. பழுதான சட்டகங்களையும் விடாமல் சேமிக்குமாறு ஆணையிட ஒரு தனிப் பிட்டும் உண்டு. ஆராய்வோருக்கு அது பயன்படும். அன்றாட வாழ்வில் எவரும் அதைத் தொடுவதில்லை.

இங்கு ஈதர்நெட் யாப்பிலக்கணத்திலிருந்து பிரிந்துவிடுகிறது. தளை தட்டிய இடத்தில் பதிப்பாசிரியர் உரிய சொல் எதுவாக இருக்கலாம் எனக் கருதிப் பார்ப்பார். ஈதர்நெட் அவ்வாறு எண்ணுவதே இல்லை. அது பிழை உண்டு என்று மட்டும் அறியும். எந்தப் பிட் பிழை என அறியாது. அனுப்பியவரிடம் ‘மீண்டும் அனுப்புக’ என்று கேட்பதும் இல்லை. கேட்கவும் இயலாது, பழுதானது அனுப்பியவர் முகவரியாகவே இருக்கலாமல்லவா? பிழையான செய்தியைத் தருவதினும் செய்தியே தராமலிருப்பது மேல் என்பது அதன் கோட்பாடு. விடுபட்டதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு மேலடுக்கிலுள்ள டி.சி.பி. போன்ற விதிமுறைகளைச் சாரும். அவை ஒப்புகைக்காகக் காத்திருந்து, அது வாராவிடின் மீண்டும் அனுப்பும்.

இந்த மௌனத்தின் விலையை நாம் நேரில் கண்டதுண்டு. முன்பு பணியாற்றிய ஊரின் கல்லூரி ஒன்றில் தமிழ்த்துறையின் ஆய்வேட்டுக் கோப்புகள் ஒரு பொதுக் கணிப்பொறியில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் திறக்க நிமிடக்கணக்கில் ஆயிற்று. பிழைச்செய்தி எதுவும் திரையில் வரவில்லை. காரணம் தமிழ் எழுத்துரு என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் நம்பினர், நாமும் நம்பினோம். ஆங்கிலத்தில் எழுதிவிடலாமே என்ற அறிவுரைகூட வந்தது. இறுதியில் பொறுப்பாளர் ஒருவர் சுவிட்ச் என்னும் இணைப்புப் பெட்டியின் எண்ணிகளைப் படித்துப் பார்த்தார். பொதுக் கணிப்பொறி இணைந்திருந்த துளையில் மீதி தவறிய சட்டகங்களும் குறைநீளத் துண்டுகளும் நொடிதோறும் பெருகிக்கொண்டிருந்தன.

நேர்ந்தது இது. சுவிட்சின் துளையை ‘இருவரும் ஒருசேரப் பேசலாம்’ என்ற நிலையில் எவரோ கையால் பூட்டியிருந்தனர். கணிப்பொறியின் அட்டையோ தானாகப் பேசித் தீர்மானிக்கும் நிலையில் இருந்தது. எதிர்முனை பேச்சுவார்த்தைக்கு வாராததால், விதிப்படி ‘ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும்’ என்ற நிலைக்கு அட்டை இறங்கிவிட்டது. அட்டை கோப்பை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுவிட்ச் ஒப்புகையை அனுப்பும். அட்டை அதை மோதல் எனக் கருதிப் பாதியில் நிறுத்தும். அந்தப் பாதியைச் சுவிட்ச் பழுதான சட்டகம் எனத் தள்ளும். டி.சி.பி. காத்திருந்து மீண்டும் அனுப்பும். இரு முனைகளும் தத்தம் விதிப்படியே நடந்தன. கோப்பு மட்டும் நகரவில்லை. இரண்டையும் தானியங்கு நிலையில் வைத்ததும் கோப்புகள் உடனே திறந்தன. எழுத்துரு குற்றமற்றது.

காவலின் எல்லை

சுவிட்சைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 1990இல் கல்பனா என்னும் இந்தியப் பெயர் தாங்கிய கலிஃபோர்னிய நிறுவனம் முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொணர்ந்தது. முழுச் சட்டகத்தையும் வாங்கிச் சோதித்துப் பின் அனுப்பினால், பழைய வேகத்தில் பெரிய சட்டகம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1.2 மில்லிநொடி தாமதமாகும். அதைத் தவிர்க்க அப்பெட்டி முகவரியைப் படித்த உடனே மறுபுறம் அனுப்பத் தொடங்கியது. விளைவு, பிழை தெரியவரும்போது சட்டகத்தின் பெரும்பகுதி கையைவிட்டுப் போயிருக்கும். பழுதான சட்டகம் பெட்டியைக் கடந்து அடுத்த முனைவரை சென்ற பின்னரே தள்ளப்படும். இதனால் எண்ணி பெருகும் இடம் ஒன்று, கம்பி பழுதான இடம் வேறு என்றாகி, ஆராய்பவரை அலைக்கழிக்கும். விரைவா, தூய்மையா என்னும் இத்தெரிவு இன்றும் உள்ளது. முழுதும் வாங்கிச் சோதிப்பதே பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றது என்பது நம் கருத்து.

ஆனால் அதுவும் முழுக்காவல் ஆகாது. சரிபார்ப்பெண் காப்பது கம்பியின் இரு முனைகளுக்கு இடைப்பட்ட தொலைவை மட்டுமே. ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தியை மாற்றும் ரூட்டர், வந்த சட்டகத்தைச் சோதித்துப் பிரித்து, செய்தியைத் தன் நினைவகத்தில் வைத்து, புதிய முகவரிகளுடன் வேறு சட்டகமாகக் கட்டி, புதிய சரிபார்ப்பெண்ணைக் கணக்கிட்டு அனுப்புகிறது. நினைவகத்தில் இருக்கும்போது ஒரு பிட் மாறிவிட்டால்? பழுதான செய்திக்குப் பழுதற்ற முத்திரை கிடைத்துவிடும். அடுத்த முனையிலுள்ள அட்டை அதைச் சோதித்துச் சரி என்றே உள்ளே விடும்.

இது கற்பனை அன்று. 2000ஆம் ஆண்டில் ஜொனாதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் ஆகியோர் இணையத்தில் ஓடிய செய்திப் பொதிகளை ஆராய்ந்து வெளியிட்டனர். ஒவ்வொரு கம்பியிலும் சி.ஆர்.சி. சோதனையைக் கடந்து வந்த பொதிகளிலும், 1,100இல் ஒன்று முதல் 32,000இல் ஒன்று வரை டி.சி.பி.யின் சொந்தச் சரிபார்ப்பில் தவறின. 429 கோடியில் ஒன்று எங்கே, இது எங்கே! பிழைகள் பிறந்த இடம் பெரும்பாலும் கம்பியன்று. கணிப்பொறிகளும் ரூட்டர்களும் அவற்றின் மென்பொருளுமே.

இதற்கும் முன்னரே, 1984இல், சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் நேர்ந்த ஒன்றைக் குறித்துள்ளனர். அங்கே பல வலையமைப்புகளை இணைக்கும் வாயிற்கணிப்பொறிகள் இருந்தன. ஒரு வாயிலுக்கும் அடுத்த வாயிலுக்கும் இடையே ஒவ்வொரு பொதியும் சரிபார்க்கப்பட்டது. ஆகவே பயனர்கள் கவலையற்றிருந்தனர். ஆனால் ஒரு வாயிற்கணிப்பொறியின் உள்ளே, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயர்த்தெழுதும்போது, ஏறத்தாழ பத்து இலட்சம் பைட்டுக்கு ஒருமுறை அடுத்தடுத்த இரு பைட்டுகள் இடம் மாறின. கம்பியிற் செய்த சோதனை எதுவும் அதைக் காணவில்லை. ஓர் இயக்கமுறைமையின் மூலநிரல் கோப்புகள் பலமுறை அவ்வழியே சென்று வந்தன. அவற்றுட் சில சிதைந்தன. சிதைந்தது தெரியவந்தபோது திருத்துவதற்கு எந்தப் பொறியும் உதவவில்லை. கோப்புக்கு உரியவர்கள் முன்பு தாளில் அச்சிட்டு வைத்திருந்த பழைய படிகளைத் தேடி எடுத்து, வரி வரியாக ஒப்புநோக்கிக் கையால் திருத்தினார்கள்.